எழுத்துக்குள் அடங்காத சிரை

1858-இல் ஹென்றி கிரேயின் உடற்கூற்றியல் நூல் லண்டனில் முதன்முதலாக வெளிவந்தது. முன்கையின் நடுவில் ஏறிவரும் சிரை முழங்கை மடிப்பருகே இரண்டாகக் கிளைக்கும், ஒரு கிளை கட்டைவிரல் பக்கத்துச் சிரையோடும் மற்றது சுண்டுவிரல் பக்கத்துச் சிரையோடும் சேரும் என்பதே அதில் இயல்பு நிலை. அதே நூலின் 1918-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பை எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கத்துச் சிரையிலிருந்து ஒரு குறுக்குச் சிரை சாய்வாக ஏறி, சுண்டுவிரல் பக்கத்துச் சிரையில் சேர்வது இயல்பாகிவிட்டது. இரண்டாகக் கிளைப்பது சிறு பகுதியினரிடம் மட்டும் காண்பது என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. இந்த அறுபது ஆண்டுகளில் மனிதக் கை மாறவில்லை. விதியும் விலக்கும் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான். உலகின் மிகப் புகழ்பெற்ற உடற்கூற்றியல் நூலிலேயே இப்படி நேர்ந்திருக்கிறது என்றால், முழங்கை உட்குழியின் தோலடிச் சிரைகளைப் பற்றி நாம் அறிந்தவை எந்த அடித்தளத்தின் மேல் நிற்கின்றன என்று கேட்பது நியாயம். அந்த அடித்தளத்தை எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

நிலப்படம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சொற்களை மட்டும் நிலைப்படுத்திக்கொள்வோம். கட்டைவிரல் பக்கமாக ஏறுவது செபாலிக் சிரை. சுண்டுவிரல் பக்கமாக ஏறுவது பேசிலிக் சிரை. இரண்டையும் மடிப்பில் இணைப்பது நடு முழங்கைச் சிரை. முன்கையின் நடுவில் ஏறிவருவது முன்கை நடுச் சிரை. இந்த நான்கும் சேரும் விதத்தைத்தான் ஆய்வாளர்கள் ஆங்கில எழுத்துகளின் பெயரால் வகைப்படுத்துகிறார்கள். குறுக்குச் சிரை சாய்வாக இணைத்தால் எச் வடிவம். முன்கை நடுச் சிரை கவையாகப் பிரிந்து இரு பக்கமும் சேர்ந்தால் எம் வடிவம். இரண்டு பெருஞ்சிரைகளுக்கும் இடையே இணைப்பே இல்லாத கைகளும் உண்டு. சிரை என்று நான் எழுதுவதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நாளம் என்று எழுதும். நம் ஊர்ப் பேச்சில் இதற்கு மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. அது சிறிய சிக்கல் அல்ல. அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

ஒரு துறையை மதிப்பிட உரைகல் வேண்டும். இந்தத் துறைக்கு அந்த உரைகல் துறையின் உள்ளேயே இருக்கிறது. வில்லியம் ஹார்வி 1628-இல் பிராங்பர்ட்டில் வெளியிட்ட நூலில், மேற்கையில் பட்டை கட்டிய ஒரு கையின் படங்கள் உள்ளன. சிரைகள் புடைத்திருக்கின்றன, வால்வு இருக்கும் இடங்களில் முடிச்சு முடிச்சாகத் தெரிகின்றன. அந்தப் படம் ஹார்வியின் சொந்தப் படைப்புகூட இல்லை. பதுவாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த பாப்ரிசியுஸ் 1603-இல் சிரை வால்வுகளைப் பற்றி வெளியிட்ட நூலின் படத்தைத் தழுவியது. ஆசிரியர் வால்வைக் கண்டார். உடலின் கடைக்கோடிக்கு இரத்தம் ஒரேயடியாகப் பாய்ந்து தேங்காமல் தடுக்கவே அது இருக்கிறது என்று முடிவு கட்டினார். மாணவர் அதே கையில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். இன்னொரு விரலால் சிரையை மேல்நோக்கி வழித்து, அடுத்த வால்வைத் தாண்டி விட்டார். நடுவில் இருந்த துண்டு வெறுமையாகவே கிடந்தது. மேலிருந்து ஒரு துளியும் இறங்கவில்லை. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் நிரம்பியது. சிரையில் இரத்தம் இதயத்தை நோக்கியே ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை அதற்கு முன் யாரும் காட்டியதில்லை.

வரைந்தது ஒரே ஒரு கை. ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு ஒரு கை போதுமானது. கேள்வி துல்லியம், முறை கேள்விக்குப் பொருந்தியது, எவரும் தன் கையிலேயே திரும்பச் செய்து பார்க்கலாம். இந்த மூன்று தகுதிகளைத்தான் பின்வந்த ஆய்வுகளிடமும் நாம் கேட்க வேண்டும்.

வகைப்பாட்டு ஆய்வுகளின் தொடக்கம் பெருமைக்குரியது. மெல்போர்னில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் பெர்ரி, நியூட்டன் என்பவரோடு சேர்ந்து 1908-இல் வெளியிட்ட கட்டுரை உயிரோடிருக்கும் 300 பேரின் கைகளைப் பார்த்து எழுதப்பட்டது. அன்றைய வழக்கம் அறுவைக்கூடத்துச் சடலம். சடலத்தில் தோலடிச் சிரைகள் வற்றி ஒட்டிக்கிடக்கும். தோலை உரிக்கும் மாணவனின் கத்தி பாதிச் சிரைகளைக் கண்ணில் படும் முன்பே அறுத்துவிடும். இரத்தம் ஓடும் கையில், அதுவும் முந்நூறு பேரிடம் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தது முறையியலில் ஒரு பாய்ச்சல். பெர்ரி பின்னாளில் இன மேம்பாட்டுவாதத்தை முழங்கியவர் என்பது பதிவான வரலாறு. அந்தக் கறையை இந்தக் கட்டுரையின் முறை மீது பூசத் தேவையில்லை. முறை தன் தகுதியில் நிற்கிறது. ஆனால் அவருக்குப் பின் இந்தத் துறை எந்தப் பாதையில் போனது என்பதைப் பார்க்காமல் கடக்கவும் முடியாது.

1932-இல் சார்ல்ஸ் அமெரிக்க வெள்ளையர், கறுப்பினத்தவர் ஆகிய ஆண்களின் முழங்கைச் சிரைகளை ஒப்பிட்டார். 1974-இல் ஹலீமும் அப்தியும் இந்தியர்களின் சிரைவடிவங்களை எழுதினார்கள். 1982-இல் சிங்கும் குழுவினரும் நைஜீரியர்களிடம் ஆராய்ந்தார்கள். 1988-இல் டெல் சோலும் குழுவினரும் பிரேசிலில் வாழும் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஜப்பானியர் என மூன்று பிரிவினரை ஆராய்ந்தார்கள். தலைப்புகளைப் பார்த்தாலே போதும், கேள்வி எங்கே தடம் மாறியது என்று விளங்கும். முழங்கையில் சிரைகள் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்ற கேள்வி, எந்த மக்களிடம் எந்த வடிவம் மிகுதி என்று சுருங்கிவிட்டது.

இந்த ஆய்வுகளின் நற்பணியை முதலில் ஒப்புக்கொள்வோம். பாடநூலின் ஒற்றைப் படத்தின் அதிகாரத்தை உடைத்தவை இவைதான். எச் வடிவம் பெரும்பான்மையாக வரும் இடங்கள் உண்டு, ஆனால் அது எல்லோரிடமும் இல்லை என்று எண்களோடு நிறுவியவை இவை. ஒரு மருத்துவ மாணவி முதலாம் ஆண்டிலேயே 'இணைப்பு இல்லாத கையும் இயல்பான கைதான்' என்று கற்பதற்கு இந்த உழைப்பே காரணம். அது சிறிய கொடை அல்ல.

ஆனால் முறை? அங்கேதான் குறை கனக்கிறது. இதைச் சொல்ல நான் யாருடைய தரவையும் நாடவில்லை. என் கைகளே போதும். சென்ற வாரம் ஒரு காலைப்பொழுதில் மேற்கையில் ரப்பர் பட்டை கட்டி, கையைத் தொங்கவிட்டு, விரல்களை மூடித் திறந்து பார்த்தேன். வலக்கையில் குறுக்குச் சிரை சாய்வாக, தெளிவாக, கயிறு திரித்ததுபோல் எழுந்தது. எச் வடிவம்; ஐயமில்லை. இடக்கையில் செபாலிக் சிரை தெரிந்தது, பேசிலிக் சிரை தெரிந்தது, இடையில் எதுவும் இல்லை. ஆய்வாளர் ஒருவர் அப்போது என் அருகில் இருந்திருந்தால் 'இணைப்பு இல்லாத வகை' என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். பட்டையை அவிழ்த்தேன். வெந்நீரில் பிழிந்த துண்டைச் சில நிமிடம் முழங்கையில் போட்டு வைத்திருந்தேன். மீண்டும் பட்டை கட்டியபோது, முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் மங்கிய நீலமாக ஒரு கீற்று. விரல் நுனியால் அழுத்தினேன். உள்ளே அமுங்கி, விட்டதும் மேலே எழும்பியது. சிரைதான். பத்து நிமிடத்துக்குள் என் இடக்கை வகை மாறிவிட்டது.

வகைப்பாட்டு ஆய்வுகளின் மையத்தில் இருக்கும் பலவீனம் இது. கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாக எண்ணப்படுகிறது. தோலடிக் கொழுப்பு, தோலின் நிறம், அறையின் குளிர், உடலின் நீர்ச்சத்து, பட்டையின் இறுக்கம், பட்டை கட்டியிருந்த நேரம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சிரையைக் காட்டவும் மறைக்கவும் வல்லது. ஒல்லியான, வெளிறிய தோலுள்ள, உழைத்து இறுகிய இளைஞர் கையில் தெரிவதும், தடித்த, கருந்தோலுள்ள, உட்கார்ந்தே வேலை செய்யும் நடுவயதினர் கையில் தெரிவதும் ஒன்றாகாது. இந்த நிலையில் ஒரு மக்கள்குழுவில் 'இணைப்பில்லாத' வகை அதிகம் என்று வரும் முடிவு, அவர்களின் சிரையை அளந்ததா, சிரையின் தெரிதகவை அளந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை. ஆய்வாளரின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அளவுகோல்தான் அளக்க வேண்டியதை அளக்கவில்லை.

இரண்டாவது குறை எண்ணிக்கையின் அலகு. ஒரே ஆளின் இரு கைகளும் வேறு வேறு வடிவத்தில் இருப்பது எங்கும் காணக்கூடியது. என் கைகளும் கனத்திலும் ஆழத்திலும் ஒன்றல்ல. பெரும்பாலான அட்டவணைகள் கைகளை எண்ணுகின்றன. முடிவுரையோ மக்களைப் பற்றிப் பேசுகிறது. நூறு பேரின் இருநூறு கைகள் என்பது இருநூறு தனித்தனிச் சான்றுகள் ஆகாது. ஒரே உடலின் இரு கைகளே ஒத்துப்போகாதபோது, ஓர் இனம் முழுவதற்கும் ஒரு வடிவத்தைச் சூட்டுவது எந்தத் தருக்கத்தில் நிற்கும்? இனம் என்ற பகுப்பை இந்த ஆய்வுகள் நிறுவவில்லை. முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, சிரைகளை அதற்குள் அடுக்கின.

மூன்றாவது குறை சிறியது, ஆனால் எரிச்சலூட்டுவது. ஒருவர் முதல் வகை என்பது இன்னொருவருக்கு இரண்டாம் வகை. ஒருவர் நான்கு வகை சொல்வார், இன்னொருவர் அதையே ஐந்தாக, ஆறாக உடைப்பார். எதிலும் சேராதவற்றுக்கு ஒரு 'இதர' பெட்டி எல்லோரிடமும் உண்டு. அந்தப் பெட்டி நிரம்பும்போது வகைப்பாட்டில்தான் கோளாறு என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

உண்மையில், வேறுபாட்டுக்கான விளக்கம் வளர்கரு இயலில் நெடுநாளாகவே இருக்கிறது. கருவின் கை முளைவிடும்போது அதில் சிரைகள் கிடையாது. நுண்குழாய்களின் வலை ஒன்று இருக்கிறது. ஓட்டம் மிகுந்த வழிகள் பருத்துச் சிரையாகின்றன, மற்றவை மெலிந்து மறைகின்றன. சுண்டுவிரல் பக்கத்து விளிம்புச் சிரை முதலில் உருவாகி, பேசிலிக் சிரையாகவும் அக்குள் சிரையாகவும் நிலைத்துவிடுகிறது. கட்டைவிரல் பக்கத்துச் செபாலிக் சிரை பின்னால்தான் வருகிறது. முன்னால் வந்தது பெரும்பாலும் நிலையானது. பின்னால் வந்ததும், இரண்டையும் இணைப்பதும் கைக்குக் கை மாறுகின்றன. ஆகவே எம், எச் என்பவை தனித்தனி இனங்கள் அல்ல. ஒரே வலையிலிருந்து எந்த இழை பருத்தது, எந்த இழை மெலிந்தது என்பதன் தொடர்ச்சியான படிநிலைகள் அவை. எழுத்து வடிவங்களுக்கு இடையே கோடு போட்டவர்கள் வலையை மறந்துவிட்டார்கள்.

இந்திய மருத்துவ மாணவர்களுக்கு மனப்பாடமான ஒரு பத்தியையும் இதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். பி.டி. சௌராசியாவின் உடற்கூற்றியல் நூல் நடு முழங்கைச் சிரை மடிப்புக்கு 2.5 செ.மீ. கீழே செபாலிக் சிரையில் தொடங்கி, உள் எலும்புப் புடைப்புக்கு 2.5 செ.மீ. மேலே பேசிலிக் சிரையில் முடிகிறது என்று சொல்லித் தருகிறது. தேர்வறையில் இதை எழுதாத மாணவர் அரிது. மதிப்பெண் கிடைக்கும், ஆனால் கைக்குக் கை மாறும் ஒன்றுக்கு ஒற்றை அளவைத் தந்து, அளவின் எல்லையைச் சொல்லாமல் விடுவது துல்லியத்தின் வேடம். அதே பத்தியில்தான் இந்தத் துறையின் மிகச் சிறந்த பாடங்களில் ஒன்றும் இருக்கிறது. ஆழ்ச்சிரைகளோடு இணைக்கும் ஊடுருவு சிரை ஒன்று இருதலைத் தசையின் நார்த்தகட்டைத் துளைத்துக்கொண்டு வந்து இந்தச் சிரையில் சேர்கிறது. அதனால் சிரை அங்கே முளையடித்ததுபோல் நிலைகொள்கிறது. ஊசிக்கு நழுவாமல் நிற்கிறது. வடிவத்தை விட்டுவிட்டுச் சிரை ஏன் பயன்படுகிறது என்று காரணம் காட்டும் வாக்கியம் அது. அளவைச் சொன்ன வாக்கியம் மறக்கப்படலாம். காரணத்தைச் சொன்ன வாக்கியம் நிற்க வேண்டும்.

காரணமே முக்கியம் என்பதை எந்த இரத்தப் பரிசோதனை நிலையத்திலும் காணலாம். ஒரு நாள் காலை, வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. ஊசி போடும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"பாட்டி, கைய நல்லா மூடிக்குங்க. இந்தக் கைல நரம்பே தெரியலயே."

"போன தடவ இந்தக் கைலதாம்மா எடுத்தாங்க."

அந்தப் பெண் கையைப் பார்ப்பதை நிறுத்தினாள். பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆள்காட்டி விரலின் நுனியை மடிப்பில் வைத்து, மெல்ல அழுத்தி, விட்டு, கொஞ்சம் நகர்த்தி, மீண்டும் அழுத்தினாள். இரண்டாவது இடத்தில் விரல் நின்றது. "இருக்கு பாட்டி. ஆழத்துல ஓடுது." ஒரே குத்தில் இரத்தம் குழாய்க்குள் ஏறியது.

ஹார்வி வைத்த அதே விரல். பல வகைப்பாட்டு ஆய்வுகளில் இல்லாத கருவியும் அதுதான். கண் தெரிந்ததை எண்ணுகிறது. விரல் ஆழத்தையும், மீள்திறனையும், துடிப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்து அறிகிறது. அந்தப் பெண்ணின் செயலில் ஒரு முறையியல் இருந்தது. அதை எழுத்தில் பதிந்து, பலரிடம் செய்து பார்த்து, இருவர் தனித்தனியே தொட்டால் ஒரே முடிவு வருகிறதா என்று சோதிப்பதே முறையான ஆய்வாகியிருக்கும்.

அவள் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். 'நரம்பு தெரியல.' தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நாள்தோறும் ஆயிரம் முறை ஒலிக்கும் வாக்கியம் இது. பேச்சு வழக்கில் சிரையும் நரம்புதான், நரம்பும் நரம்புதான். புறங்கையில் புடைத்து நிற்பதும் நரம்பு. 'நரம்புத் தளர்ச்சி'யில் தளர்வதும் நரம்பு. பழைய தமிழில் யாழின் நாணுக்கும் அதே சொல்தான். வழக்கின் வளம் என்று இதை ரசிக்கலாம். முழங்கை உட்குழியில் மட்டும் இது ஆபத்து. ஏனென்றால் அங்கே உண்மையான நரம்பு சிரையின் பக்கத்திலேயே ஓடுகிறது. முன்கையின் உட்பக்கத் தோல் நரம்பு பேசிலிக் சிரையோடு இறங்குகிறது. அதன் கிளைகள் நடு முழங்கைச் சிரைக்குச் சில கைகளில் மேலாகவும் சில கைகளில் கீழாகவும் குறுக்கிடுகின்றன. வெளிப்பக்கத் தோல் நரம்பு இருதலைத் தசைநாணின் ஓரத்தில் வெளிப்பட்டு, செபாலிக் சிரைக்கு அடியில் போகிறது. நடுவில் குத்தினால் பாதுகாப்பு என்ற பொது விதி பெருமளவுக்குச் சரி, முழுமையாகச் சரியல்ல.

சேதம் எவ்வளவு? நியூமேனும் வாக்ஸ்மேனும் 1996-இல் அமெரிக்க இரத்த வங்கி ஒன்றின் இரண்டாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 4,19,000 இரத்தக் கொடைகளில் 66 பேருக்கு ஊசியால் நரம்புக் காயம். அதாவது சுமார் 6,300 கொடைக்கு ஒன்று. பெரும்பாலோர் குணமடைந்தார்கள். அரிது என்று தள்ளிவிடலாம். ஆனால் உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் மருத்துவச் செயல்களில் ஒன்று இரத்தம் எடுப்பது. அரிதானதும் அங்கே பெருகும். அந்த ஆய்வு தான் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னது. எந்தச் சிரை வடிவத்தில் காயம் மிகுதி என்பது அதன் கேள்வி அல்ல. அதற்கு விடை உடற்கூற்றியலிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

வந்தது, தாமதமாக. யமாடாவும் குழுவினரும் 2008-இலும், மிகுனியும் குழுவினரும் 2013-இலும் ஜப்பானிலிருந்து வெளியிட்ட ஆய்வுகளே என் மதிப்பீட்டில் இந்தத் துறையின் உச்சம். முழங்கைகளை அறுத்துத் திறந்து, சிரையின் வடிவத்தோடு தோல் நரம்பின் போக்கையும் சேர்த்து வரைந்தார்கள். மிகுனி குழுவினர் தமனியையும் சேர்த்தார்கள். வடிவம் முதல்முறையாக ஒரு கேள்விக்குப் பணியாளாக நின்றது: ஊசியை எங்கே வைப்பது? குறையும் உண்டு. சடலத்தில் சிரை நிரம்பியிருப்பதில்லை. உயிருள்ளவர் கையைச் சற்று உள்நோக்கித் திருப்பினாலே தோலும் சிரையும் நகரும், நரம்போடான உறவும் மாறும். ஆயினும் ஹார்வியின் மூன்று தகுதிகளில் முதல் இரண்டையும் இவை நிறைவேற்றுகின்றன. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளின் பட்டியல்களில் பெரும்பாலானவை முதல் தகுதியிலேயே தடுக்கி விழுந்தவை.

தமனியைப் பற்றியும் ஒரு சொல். நடு முழங்கைச் சிரைக்கும் மேற்கைத் தமனிக்கும் இடையே இருதலைத் தசையின் நார்த்தகடு திரைபோல் நிற்கிறது. இரத்தம் வடிப்பது மருத்துவமாக இருந்த காலத்தில் கத்திகளிடமிருந்து பலரின் தமனியைக் காத்தது அந்தத் தகடு. அதைக் 'கடவுள் அருள்' என்றே பழைய பிரெஞ்சு வழக்கில் அழைத்தார்களாம். எல்லோரையும் அது காக்கவில்லை. 1757-இல் வில்லியம் ஹண்டர் விவரித்த நோயாளிகளுக்கு, முழங்கையில் இரத்தம் வடித்தபோது கத்தி சிரையைத் தாண்டித் தமனியையும் துளைத்திருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்து, தொட்டால் அதிரும் வீக்கமாகியிருந்தன. நூற்றில் ஒரு சிலரிடம் முன்கைத் தமனி ஒன்று தன் இயல்பான ஆழத்தை விட்டுத் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கையில் சிரை என்று நினைத்து மருந்தைத் தமனிக்குள் செலுத்தினால் விரல்களையே இழக்க நேரிடும். சிரைகளின் வேறுபாட்டைத் தமனியிலிருந்து பிரித்து அட்டவணை போடும் எந்த ஆய்வும் பாதி வேலைதான்.

மற்ற எல்லாரையும் விட இந்தச் சிரைகளைக் கறாராகப் படித்தவர்கள் டயாலிசிஸ் அறுவை மருத்துவர்கள். காரணம் எளிது. தவறாகப் படித்தால் அவர்களின் வேலை அன்றே தோற்றுவிடும். 1966-இல் பிரெசியாவும் சிமினோவும் குழுவினரும் மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா உருவாக்கும் முறையை வெளியிட்டார்கள். 1977-இல் கிராச் குழுவினர் முழங்கைக்குச் சற்றுக் கீழே அந்த ஊடுருவு சிரையையே பயன்படுத்தி ஃபிஸ்டுலா அமைத்தார்கள். மாணவர்கள் மனப்பாடம் செய்து மறந்துபோகும் ஒரு சிறு கிளை சிறுநீரக நோயாளியின் உயிர்நாடியானது. இன்று அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்ட் வைத்துச் சிரையின் விட்டம், ஆழம், தொடர்ச்சி, அடைப்பு எல்லாம் பார்க்கிறார்கள். 2 முதல் 2.5 மி.மீ.-க்குக் குறைந்த சிரையை நம்பி இறங்கப் பலர் தயங்குவார்கள். எம்மா எச்சா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அங்கே மதிப்பு இந்தக் கைக்கு, இந்தச் சிரைக்கு, இந்த இடத்துக்கு. இதுவே சரியான அலகு. இந்த முறையின் குறை வேறு: விலையுயர்ந்தது, திறன் வேண்டுவது, மெல்லிய தோல் நரம்பை அன்றாடப் பரிசோதனையில் அது தேடுவதில்லை.

இடையில் வந்தது அகச்சிவப்பு ஒளிக் கருவி. இரத்தம் உறிஞ்சும் ஒளியைக் கொண்டு சிரையைத் தோலின் மேல் நிழலாகக் காட்டும் இது, குழந்தைகள் வார்டில் நல்ல துணை. கொரியாவில் இத்தகைய கருவியை வைத்து முழங்கைச் சிரைகளை மீண்டும் வகைப்படுத்தி 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெறுங்கண்ணுக்குத் தப்பியவை அதில் பிடிபட்டன, அது முன்னேற்றம். ஆனாலும் அந்த ஒளி சில மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆழத்தில் ஓடும் சிரை இங்கேயும் 'இல்லாத' சிரையாகவே பதியும். கருவி புதிது, பிழை பழையது.

இனி தீர்ப்பு. முழங்கைச் சிரைகளின் எழுத்து வடிவ வகைப்பாடு வகுப்பறையின் முதல் நாளுக்குப் பயனுள்ளது. அறிவியலாக நிற்க அதற்குத் தகுதி போதாது. மக்கள்குழு வாரியான விழுக்காடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைக் கைவிட வேண்டும். அவை வேறு வேறு கண்களின் பதிவுகள். நரம்போடும் தமனியோடும் சேர்த்து வரைந்த ஜப்பானிய ஆய்வுகள் துறைக்கு உரிய வழியைத் திறந்திருக்கின்றன. டயாலிசிஸ் மருத்துவர்களின் தனிக்கை அளவீடு அந்த வழியின் மறுமுனை. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை. அடுத்து எழுதப்போகும் ஆய்வாளர், சிரையின் விட்டத்தையும் ஆழத்தையும், ஊடுருவு சிரை இருக்கும் இடத்தையும், நரம்பு மேலா கீழா என்பதையும் ஒரே கையில் பதிவு செய்யட்டும். அறையின் வெப்பத்தையும் பட்டை கட்டியிருந்த நேரத்தையும் சொல்லட்டும். இருவர் தனித்தனியே அளந்து எந்த அளவுக்கு ஒத்துப்போனார்கள் என்றும் காட்டட்டும். ஆள்களை எண்ணட்டும், கைகளை அல்ல. நூறு பேரிடம் இப்படிச் செய்த ஆய்வை, ஆயிரம் பேரைக் கண்ணால் பார்த்த ஆய்வுக்கு மேலாக நான் வைப்பேன்.

தமிழில் மருத்துவக் கையேடு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். ஒற்றைக் கையின் படத்தை இனி அச்சிடாதீர்கள். குறைந்தது மூன்று கைகளைப் போடுங்கள். மூன்றிலும் இரண்டு தோல் நரம்புகளையும் வரையுங்கள். இரத்தம் எடுக்கும் இடத்தைச் சிரை என்றோ நாளம் என்றோ எழுதுங்கள், நரம்பு என்று எழுதாதீர்கள். ஊசி இறங்கும்போது முன்கை வழியே மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இழுத்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று வாசகருக்கும், அந்த நொடியே ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று ஊசி போடுபவருக்கும் தடித்த எழுத்தில் சொல்லுங்கள். தொட்டது நரம்பு.